கறிக்கோழி வளர்ப்பு: வருமானம் தீவன மூட்டையில் இருக்கிறது

செஞ்சி, மண்டகப்பட்டு வட்டாரங்களில் மானாவாரி மணிலாவையும் ஏரிப் பாசன நெல்லையும் நம்பி வாழும் சிறு விவசாயிகள் பலர், உபதொழிலாகக் கறிக்கோழி வளர்க்கலாமா என்று யோசிக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது, "ஒரு கோழிக்கு எவ்வளவு நிற்கும்?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால், அதற்கு முன் வேறொன்றைக் கேட்க வேண்டும். ஒரு கிலோ எடை கூட, அந்தக் கோழி எத்தனை கிலோ தீவனம் தின்கிறது?

கறிக்கோழியை வளர்த்து விற்பது வரை ஆகும் செலவில் 100க்கு 65 முதல் 70 ரூபாய் வரை தீவனத்துக்கே போய்விடுகிறது. குஞ்சு விலை, மருந்து, கரண்ட், கூலி எல்லாம் மீதியில் அடக்கம். ஆகவே தீவனத்தில் கணக்குத் தவறினால் மற்ற எதில் சிக்கனம் பிடித்தும் ஈடு செய்ய முடியாது.

உதாரணமாக 500 குஞ்சுகள் விடுகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். 20 இறந்து, 480 கோழிகள் தலா 2 கிலோ எடையுடன் விற்பனைக்கு நிற்கின்றன. மொத்த உயிர் எடை 960 கிலோ. இதற்கு 1,632 கிலோ தீவனம் செலவாகியிருந்தால், ஒரு கிலோ எடைக்கு 1.7 கிலோ தீவனம். இதைத்தான் தீவன மாற்றுத்திறன் என்கிறோம். நல்ல பராமரிப்பில் இது 1.6 முதல் 1.7க்குள் நிற்கும். அதே 960 கிலோ எடை வர 1.9 வீதம் தின்றால் 1,824 கிலோ ஆகிறது. வித்தியாசம் 192 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் ஏறக்குறைய நான்கு மூட்டை. இன்றைக்கு உங்கள் ஊர்க் கடையில் ஒரு மூட்டை என்ன விலையோ, அதை நான்கால் பெருக்கிப் பாருங்கள். லாபம் என்று நினைத்திருந்ததில் பெரும்பகுதி அங்கேதான் போயிருக்கும்.

ஊசி போட்டு வளர்ப்பதா?

கறிக்கோழி ஹார்மோன் ஊசியால்தான் இவ்வளவு வேகமாக வளர்கிறது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆயிரக்கணக்கான கோழிகளைத் தினம் பிடித்து ஊசி போட ஆள் கூலி கொடுத்து மாளுமா என்று யோசித்தாலே இதன் உண்மை விளங்கும். வேகம் இனத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 1948-லும் 1951-லும் "நாளைய கோழி" என்ற பெயரில் தேசிய அளவில் போட்டிகள் நடத்தி, நெஞ்சுச் சதை பெருத்த, சீக்கிரம் வளரும் கோழிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று தொடங்கிய தேர்வு, தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது.

கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்து இனங்களையும் ஒரே தீவனம் கொடுத்து ஒன்றாக வளர்த்தார்கள். 56-ஆம் நாளில் 1957-ஆம் வருஷத்து இனம் 905 கிராம். 1978-ஆம் வருஷத்து இனம் 1,808 கிராம். 2005-ஆம் வருஷத்து இனம் 4,202 கிராம். தீவனம் ஒன்றே, எடை நாலரை மடங்குக்கும் மேல்.

நம் நாட்டில் 1971-ல் தொடங்கப்பட்ட வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் போன்ற நிறுவனங்கள் மூலம் இப்படிப்பட்ட இனங்கள் பரவின. தமிழ்நாட்டில் முட்டைக்கு நாமக்கல் என்றால் கறிக்கோழிக்குப் பல்லடம், உடுமலை என்று ஆயிற்று.

இதையெல்லாம் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நாட்டுக்கோழி ஒரு வாரம் சரியாக மேயாவிட்டால் அடுத்த மாதம் சரிக்கட்டிக் கொள்ளும். கறிக்கோழிக்கு அடுத்த மாதமே கிடையாது. அதன் ஆயுளே சுமார் 40 நாள். 40 கிராம் குஞ்சு அதற்குள் 2 கிலோவைத் தாண்ட வேண்டும். அதில் இரண்டு நாள் குளிரில் நடுங்கினாலும், ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் கிடந்தாலும் போன எடை போனதுதான். தின்ற தீவனம் மட்டும் கணக்கில் நிற்கும்.

கொட்டகை எப்படி அமைய வேண்டும்?

மண்டகப்பட்டில் மலையைக் குடைந்து குகைக்கோயில் எடுத்த மகேந்திரவர்ம பல்லவன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவை எதுவும் இல்லாமல் அதைச் செய்ததாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். கோழிக் கொட்டகைக்கு இந்த நான்கும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும். ஆனால் முதல் கொட்டகைக்கு அதிகமாக வேண்டாம். நம் பக்கத்தில் சவுக்குக் கட்டைக்குப் பஞ்சம் இல்லை. சவுக்குக் கால், கீற்றுக் கூரை, சுற்றிலும் கம்பி வலை, ஒன்றரை அடிச் சுவர் இருந்தால் 200, 300 கோழி வளர்த்துப் பார்க்கப் போதும்.

கொட்டகையின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். அப்போதுதான் காலை, மாலை வெயில் உள்ளே விழாது. அகலம் 25 அடிக்கு மேல் போனால் காற்று நடுவே போய்ச் சேராது. ஆகவே இடம் அதிகம் தேவையானால் நீளத்தைக் கூட்டுங்கள். கூரை விளிம்பு இரண்டு பக்கமும் 3 அடி வெளியே இறங்கியிருந்தால் சாரல் உள்ளே அடிக்காது. ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்பது பொதுக் கணக்கு. சித்திரை, வைகாசியில் அதே இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து விடுவது நல்லது.

தரைமட்டத்தை உயர்த்துவதில் கஞ்சத்தனம் கூடாது. 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நம் மாவட்டத்தில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2011 டிசம்பர் 30-ந் தேதி வந்த தானே புயலையும் இந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வயலில் தண்ணீர் எதுவரை ஏறி நின்றது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரும்படி தரையை எழுப்புங்கள். கீற்றுக் கூரையானால் புயல் காலத்தில் மேலே கயிறு போட்டு இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

முதல் பதினான்கு நாள்

என் அபிப்பிராயத்தில், ஒரு பேட்ச் நன்றாக வருமா வராதா என்பது முதல் இரண்டு வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு செய்வதெல்லாம் கெடாமல் காப்பதுதான்.

குஞ்சு வருவதற்கு முன்பே கூளம் பரப்பி வையுங்கள். நெல் உமியானாலும் மணிலாத் தோலானாலும் 2 அங்குல உயரம் போதும். மணிலாத் தோல் நம் ஊரில் மலிவு. ஆனால் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த தோலைக் கொண்டுவந்து போட்டால், அந்தப் பூஞ்சணத் தூள் குஞ்சின் நுரையீரலுக்குள் போகும். கையில் அள்ளி முகர்ந்து பாருங்கள். புழுங்கிய வாடை வந்தால் அது எருக்குழிக்குத்தான் லாயக்கு. கூளத்தின் மேல் செய்தித்தாள் விரிக்க வேண்டும். மூன்றாம் நாள் அதை எடுத்துவிட வேண்டும். வழுவழுப்பான தாளிலேயே அதிக நாள் நின்றால் கால் அகன்று போகும்.

250 குஞ்சுகளுக்கு ஒரு புரூடர் என்று வைத்துக் கொண்டு, சுற்றிலும் ஒன்றரை அடி உயரத் தகட்டால் வட்டமாக வேலி அமையுங்கள். வட்டம் 5, 6 அடி அகலம் இருக்கட்டும். மூலை இருக்கக்கூடாது. மூலை இருந்தால் இரவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் உள்ளவை மூச்சுமுட்டிச் சாகும். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்ற கணக்கில், 60 வாட் குண்டு பல்பு எட்டு தேவை. இப்போது எல்லா வீட்டிலும் எல்.இ.டி. பல்பு வந்துவிட்டது. அது வெளிச்சம் தரும், சூடு தராது. கோழிக் கொட்டகைக்குப் பழைய குண்டு பல்பு தேடித்தான் வாங்க வேண்டும். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை முன்பே யோசித்து கரி அடுப்போ, எரிவாயு அடுப்போ தயாராக வைத்திருங்கள். கரி அடுப்பு வைக்கும்போது நான்கு பக்கமும் படுதாவை இழுத்து மூடிவிடாதீர்கள். புகை தெரியாவிட்டாலும் நச்சுக் காற்று சேர்ந்து குஞ்சைக் கொல்லும். உள்ளே படுத்திருக்கும் ஆளுக்கும் ஆபத்து.

முதல் வாரத்தில் புரூடர் ஓரத்தில், கூளத்துக்கு 2 அங்குலம் மேலே 95 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்து வரலாம். உஷ்ணமானி இல்லாதவர்கள் குஞ்சைப் பார்த்தே தெரிந்து கொள்ளலாம். பல்புக்கு அடியில் ஒட்டி நெருக்கிக் கத்தினால் குளிர்கிறது. பல்பை விட்டு விலகி வேலியோரம் வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப் பக்கத்திலிருந்து குளிர்காற்று அடிக்கிறது. வட்டம் முழுக்கப் பரவலாக நடமாடினால் எல்லாம் சரி. இதை நடு இரவில் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். பகலில் பார்ப்பதில் பாதிப் பயன்தான்.

குஞ்சு வந்ததும் முதலில் தண்ணீர். ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் ஒரு தடவை நனைத்து விடுவது வழக்கம். 500 குஞ்சுக்கும் இதைச் செய்ய ஒரு மணி நேரம் ஆனாலும் அது வீண் அல்ல. தண்ணீர் குடித்த பிறகு தாளின்மேல் தீவனத்தைத் தூவுங்கள். மறுநாள் காலை பத்துப் பதினைந்து குஞ்சுகளைப் பிடித்து இரைப்பையைத் தடவிப் பாருங்கள். மெத்தென்று நிரம்பியிருந்தால் தின்று குடித்திருக்கிறது. கெட்டியாக இருந்தால் தின்றது, குடிக்கவில்லை. காலியாக இருந்தால் அந்தக் குஞ்சு தீவனத்தையே கண்டுபிடிக்கவில்லை. அன்றே சரி செய்யுங்கள்.

ஏழாம் நாள் எடை, வந்த அன்றைய எடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு இருக்க வேண்டும். 40 கிராம் குஞ்சு 160 கிராம். வீட்டுத் தராசில் பத்துக் குஞ்சுகளைக் கூடையோடு நிறுத்து, கூடை எடையைக் கழித்துப் பத்தால் வகுத்தால் தெரிந்துவிடும். 120 கிராமில் நின்றால் காரணத்தைத் தேடுங்கள். 40-ஆம் நாள் தேடிப் பயன் இல்லை.

தீவனமும் பூஞ்சணமும்

முதல் பத்து நாளைக்கு முன்தொடக்கத் தீவனம், 21 நாள் வரை தொடக்கத் தீவனம், பிறகு விற்பனை வரை முடிவுத் தீவனம் என்று மூன்று வகை கடையில் கிடைக்கும். முதல் இரண்டிலும் புரதம் 22, 23 சதவீதம். முடிவுத் தீவனத்தில் சுமார் 20. தீவனத் தட்டை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். விளிம்பு வரை நிரப்பினால் கோழி அலகால் வாரிக் கூளத்தில் கொட்டும். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருக்கும்படி வாரா வாரம் உயர்த்திக் கட்டுங்கள். மேலே கணக்கிட்ட நான்கு மூட்டையில் ஒரு மூட்டையாவது கூளத்தில்தான் கிடக்கும்.

நம் பக்கத்தில் மணிலா விளைகிறது, மக்காச்சோளமும் வாங்கலாம், நாமே தீவனம் அரைத்தால் மலிவாகுமே என்று பலர் கேட்கிறார்கள். மணிலாவில் டி.எம்.வி. ரகங்களுக்குப் பெயர் கொடுத்த திண்டிவனமே நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் இந்த யோசனையில் ஒரு பெரிய கண்ணி உண்டு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. கடைசியில், பிரேசிலிலிருந்து வந்த மணிலாப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணமே காரணம் என்று கண்டறிந்தார்கள். அந்தப் பூஞ்சணம் விடும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர்.

இந்த நஞ்சு கொஞ்சமாக இருந்தால் கறிக்கோழி சாவதில்லை. அதுதான் கஷ்டம். ஈரல் கெட்டு, தின்றது உடம்பில் ஒட்டாது, போட்ட தடுப்பூசி பிடிக்காது. எடை வரவில்லை, மருந்து சரியில்லை, குஞ்சு சரியில்லை என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக் கொண்டிருப்போம். குற்றவாளி புண்ணாக்கு மூட்டையில் இருக்கும். வெயிலில் காய வைத்தாலும் வேகவைத்தாலும் பூஞ்சணம் சாகலாம், நஞ்சு போகாது. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் சில பேட்ச்களுக்காவது தயார்த் தீவனத்தையே வாங்குவது உத்தமம். வாங்கிய மூட்டையைத் தரையில் போடாமல், சுவரில் சாய்க்காமல் மரப்பலகைமேல் அடுக்குங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளைக்கு மேல் இருப்பு வைக்க வேண்டாம்.

தடுப்பூசி, கூளம், வெயில்

வெள்ளைக் கழிச்சலுக்கு 5 முதல் 7-ஆம் நாளுக்குள் கண்ணில் ஒரு சொட்டு விட வேண்டும். 14-ஆம் நாளை ஒட்டிக் கம்போரோ நோய்க்குத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். 21-ஆம் நாளுக்குப் பிறகு வெள்ளைக் கழிச்சலுக்கு லசோட்டா மறுபடியும். சரியான நாளை உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் என்ன நோய் நடமாடுகிறது என்பது அவருக்குத் தெரியும். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டு வர வேண்டும். சட்டைப் பையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்த மருந்து வெறும் தண்ணீர்தான். குடிதண்ணீரில் கலக்கும் நாளில் குளோரின் சேர்க்காத தண்ணீராக இருக்க வேண்டும். லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்து, காலை வேளையில் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும்படி கொடுங்கள்.

ரத்தக் கழிச்சல் ஈரக் கூளத்தில் பிறக்கிறது. கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்ல பதம். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி உள்ளதை அள்ளி எறிந்து, காய்ந்த கூளம் போட்டு, நீற்றிய சுண்ணாம்புத் தூளைக் கலந்து கிளறிவிட வேண்டும். கொட்டகைக்குள் குந்தி உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், அந்த உயரத்திலேயே நாள் முழுக்க மூச்சு விடும் கோழிக்கு எப்படி இருக்கும்?

கோழி கொஞ்சம் உறங்கினாலே கடையில் போய் ஆன்டிபயாடிக் வாங்கிக் கலக்கும் பழக்கம் நல்லதல்ல. கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்குப் பயன்படுத்த மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. மனிதருக்கு வேறு மருந்து எதுவும் கேட்காத நிலையில் கொடுக்கப்படும் மருந்துகளில் அது ஒன்று என்பதே காரணம்.

கத்தரி வெயிலில் முதலில் சாவது நல்ல எடை போட்ட கோழிதான். கோழிக்கு வியர்வை கிடையாது. இளைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டும். தின்ற தீவனம் செரிக்கும்போது உள்ளே சூடு இன்னும் கூடும். ஆகவே காலை 10 மணிக்குத் தீவனத் தட்டைத் தூக்கிக் கட்டிவிட்டு மாலை 5 மணிக்கு இறக்குங்கள். இரவிலும் விடியற்காலையிலும் தின்னட்டும். தண்ணீர் மட்டும் எப்போதும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கூரைமேல் பனை ஓலையோ வைக்கோலோ பரப்பி நனைக்கலாம். பக்கவாட்டில் ஈரச் சாக்கு கட்டுவோர், காற்று வருகிற பக்கத்தை முழுக்க அடைத்துவிடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். காற்றே இல்லாத புழுக்கத்தில் ஈரச் சாக்கு நன்மைக்குப் பதில் கெடுதலே செய்யும்.

35-ஆம் நாள் இறக்கும் ஒரு கோழி, இரண்டரை கிலோவுக்கு மேல் தீவனம் தின்றுவிட்டு இறக்கிறது. ஐந்தாம் நாள் இறக்கும் குஞ்சு 100 கிராம்கூடத் தின்றிருக்காது. சாவு எத்தனை என்று எண்ணுவதோடு, எந்த வயதில் சாகிறது என்றும் எழுதி வையுங்கள்.

ஒப்பந்தமா, சொந்தமா?

உடுமலையில் 1984-ல் தொடங்கப்பட்ட சுகுணா நிறுவனம் 1990-களில் ஒப்பந்த முறையில் வளர்க்கத் தொடங்கிய பிறகு, வேறு பல நிறுவனங்களும் இம்முறைக்கு வந்தன. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. கொட்டகை, ஆள், கரண்ட், தண்ணீர், கூளம் உங்களுடையது. வளர்ந்த கோழிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கிடைக்கும். கோழி உங்களுடையதல்ல, நீங்கள் வாங்குவது விலை அல்ல, கூலி என்பதை முதலில் மனத்தில் பதிய வைக்க வேண்டும்.

இதில் ஒரு பெரிய பாதுகாப்பு உண்டு. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தில் நவாப்பூர் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தபோது நாடெங்கும் கறிக்கோழி விலை விழுந்தது. 2020-ன் தொடக்கத்தில், கொரோனா கோழியால் பரவுகிறது என்ற வதந்தி கிளம்பி மறுபடியும் அடி விழுந்தது. இரண்டிலும் கோழிக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்களிலும் சொந்தமாக வளர்த்தவர் முதலை இழந்தார். ஒப்பந்தக்காரருக்குச் சந்தை விலை நேரடியாகத் தாக்காது. ஆனால் கம்பெனி அடுத்த குஞ்சு கொடுக்காமல் கொட்டகை காலியாக நின்றால், வங்கிக் கடன் தவணை காலியாக நிற்பதில்லை.

ஒப்பந்தத்துக்குப் பொதுவாகச் சில ஆயிரம் கோழிக்காவது கொட்டகை கேட்பார்கள். 5,000 கோழி என்றால் 5,000 சதுர அடிக்கு மேல் வேண்டும். இவ்வளவு கடன் வாங்கும் முன் சில விஷயங்களைப் பேசி, எழுத்தில் வாங்குங்கள். வருஷத்துக்கு எத்தனை பேட்ச் தருவார்கள்? ஒரு பேட்ச் பிடித்த பிறகு அடுத்த குஞ்சு எத்தனை நாளில் வரும்? எடை யார் தராசில்? தீவன மாற்றுத்திறன் எவ்வளவுக்கு மேல் போனால் கூலியில் எவ்வளவு பிடிப்பார்கள்? இதோடு கேட்க வேண்டிய முக்கியமான ஒன்று உண்டு, பெரும்பாலோர் கேட்பதில்லை. சந்தை மந்தமானால் கம்பெனி கோழியைப் பிடிக்க வராமல் ஒரு வாரம் தள்ளிப் போடலாம். 40 நாளைத் தாண்டிய கோழி தின்கிற அளவுக்கு எடை கூடாது. மாற்றுத்திறன் கெடும். அந்த நஷ்டம் யார் தலையில்? தமிழ்நாட்டில் 2019-ல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. கால்நடை வளர்ப்பும் அதில் அடங்கும். வாய்ப்பேச்சை நம்பிக் கொட்டகை எழுப்ப வேண்டிய காலம் இதுவல்ல.

சொந்தமாக வளர்ப்போர் எண்ணிக்கையை விற்பனையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பல்லடத்திலிருந்து தினம் அறிவிக்கப்படும் பண்ணை விலையைத்தான் வியாபாரிகள் பேசுவார்கள். கையில் கொடுப்பது அதைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு. இரண்டு கிலோ கோழியைச் சுத்தம் செய்தால் சுமார் 1,400 கிராம் கறி நிற்கும். சுற்றுவட்டாரக் கடை இரண்டு, விசேஷ வீடு நாலு என்று முன்கூட்டிப் பேசி வைத்து 200 கோழி வளர்ப்பவர், வியாபாரியை எதிர்பார்த்து 1,000 கோழி வளர்ப்பவரைவிட நிம்மதியாக இருப்பார். புரட்டாசியில் கறி தின்பவர் குறைவு. சபரிமலைக்கு மாலை போடும் கார்த்திகை, மார்கழியிலும் அப்படியே. தீபாவளிக்கு விற்க வேண்டுமானால் 42 நாள் முன்னதாகக் குஞ்சு விட வேண்டும். கோழி பருக்கும் நாளில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும் என்பதால், படுதாவையும் காய்ந்த உமியையும் முன்பே சேகரித்துக் கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், ஒப்பந்தத்துக்குப் போக நினைப்பவரும் முதலில் ஒரு கீற்றுக் கொட்டகையில் 200 கோழியாக இரண்டு, மூன்று பேட்ச் சொந்தமாக வளர்த்துப் பார்க்க வேண்டும். அதில் உங்கள் கைக்கு 1.7 வருகிறதா, 2 வருகிறதா என்று தெரிந்துவிடும். 2 வருகிறதென்றால் ஐயாயிரம் கோழிக் கொட்டகைக்குக் கடன் வாங்க இன்னும் நாள் வரவில்லை.

கோழி போன பின்

கடைசிக் கோழி வண்டி ஏறிய அன்றே கூளத்தை வாரி வெளியேற்றுங்கள். கொட்டகைக்குப் பக்கத்திலேயே குவிக்காதீர்கள். கோழி எரு நெல்லுக்கும் மணிலாவுக்கும் அருமையான உரம். ஆனால் பச்சையாகப் போட்டால் பயிர் கருகும். இரண்டு மாதம் குவித்து மக்கவிட்டுப் போடுங்கள். செத்த கோழிகளை அந்தக் குவியலில் எறிவது சிலருக்கு வழக்கம். அதை உடனே விட்டுவிட வேண்டும். அழுகிய கோழி கலந்த எருவை மாடு முகர்ந்து நக்கினால் நரம்பைத் தாக்கும் கொடிய நஞ்சு ஏறி மாடு கால் மடங்கி விழும். நாலு கோழியைப் புதைக்கச் சோம்பல்பட்டு ஒரு கறவை மாட்டை இழக்கலாமா? செத்த கோழிக்கு ஆழமான குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி, மேலே மூடி போட வேண்டும்.

தரையையும் சுவரையும் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, சுண்ணாம்பு அடியுங்கள். தீவனத் தட்டு, தண்ணீர்ப் பாத்திரம் எல்லாவற்றையும் கழுவி வெயிலில் ஒரு நாள் கவிழ்த்து வையுங்கள். பிறகு இரண்டு வாரம் கொட்டகை வெறுமையாக இருக்கட்டும். அந்த இரண்டு வாரத்தில் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வாங்கிய மூட்டை எத்தனை, விற்ற எடை எத்தனை, எந்த எந்த நாளில் எத்தனை செத்தது என்று கூட்டிப் பாருங்கள். அடுத்த குஞ்சுக்கு முன்பணம் கட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.